பட்டறைக்கு வந்த பேராசிரியர்

காலை எட்டரை மணிக்குக் கோவை அவிநாசி சாலையில் பீளமேடு பக்கம் நின்றால் கண்ணில் படுவதெல்லாம் கல்லூரிப் பேருந்துகள். அன்னூர், சத்தி, பல்லடம், பொள்ளாச்சி என்று நாலா திசையிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிவந்து, மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுகின்றன. 1976-ல் நான் பொறியியல் படிக்கச் சேர்ந்தபோது இதே சாலையை நிறைத்தவை மில் தொழிலாளர்களின் சைக்கிள்கள். சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும். அந்தச் சங்கைக் கேட்டுத்தான் எங்கள் தெருவில் அடுப்பு பற்றவைப்பார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவார்கள். அந்தச் சங்குகளில் பல இன்று ஓய்ந்துவிட்டன. 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக மூடிய தேசிய ஜவுளிக் கழக (என்.டி.சி.) ஆலைகளில் தறியும் கதிரும் அப்படியே நின்றுபோயின. லட்சுமி மில் வளாகத்துக்கு இன்று ஜனங்கள் போவது ஹைப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்க.

புதிதாக இந்த ஊருக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, மில் ஊர் போய் கல்வி ஊர் வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். மில்லும் பட்டறையும் சம்பாதித்த பணத்தில்தான் இங்கே கல்லூரி முளைத்தது என்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர் தங்கள் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கியது 1926-ல். அதே ஆண்டு அவர்கள் தொடங்கியது ஒரு தொழிற்கூடம். பைக்காரா நீர்மின்சாரம் 1932-ல் வந்து மில்களும் கிணற்று மோட்டார்களும் பெருகியபோது, மோட்டாரும் பம்பும் லேத்தும் செய்யக் கற்ற இடங்களில் அதுவும் ஒன்று. பொறியியல் கல்லூரி அதன் பக்கத்திலேயே 1951-ல்தான் வந்தது. முதலில் தொழில், பிறகு பாடம்.

நான் இதை எழுதுவதற்கு ஒரே காரணம் உண்டு. ஐம்பது வருடத்துக்கு முன் இந்த ஊரில் கல்லூரிகளும் குறைவு, பட்டறைகளும் குறைவு. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஆள் நடமாட்டம் இருந்தது. இன்று இரண்டும் பல மடங்கு பெருகிவிட்டன, நடமாட்டம் அருகிவிட்டது. அது எப்படி இருந்தது என்பதைப் பார்த்த தலைமுறை கரைந்துகொண்டிருக்கிறது. எழுதிவைக்க வேண்டும்.

என்னுடையது சாண்ட்விச் கோர்ஸ். சில மாதம் வகுப்பு, சில மாதம் ஆலையில் வேலை என்று மாறி மாறி வரும் படிப்பு. வகுப்பில் கியர் பற்றிப் படித்துவிட்டு, அடுத்த பருவத்தில் ஹாபிங் மெஷின் முன்னால் எண்ணெய்க் கறையோடு நிற்போம். பயிற்சி முடிந்ததும் அறிக்கை எழுதித் தரவேண்டும். கணபதியில் அப்பாவுக்கு ஒரு சின்ன பவுண்டரி இருந்தது. பம்ப் கேசிங்கும் இம்பெல்லரும் வார்த்துக் கொடுப்போம். ஒருமுறை என் அறிக்கையில், எங்கள் பட்டறையில் வார்த்த கேசிங்குகளில் பாதிக்குப் பாதி ரிஜெக்ட் ஆகித் திரும்பி வருவதைப் பற்றி எழுதியிருந்தேன். வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். லேத்தில் ஏற்றி மேல்தோலைச் சீவியதும் உள்ளே குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள் தெரியும். புளோ ஹோல். அப்பா அதைக் கெட்ட நேரம் என்றார். மேஸ்திரி, கரி சரியில்லை என்றார்.

உலோகவியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்கூட்டரில் பட்டறைக்கே வந்துவிட்டார். அப்பா பதறிப்போய் நாற்காலி தேடினார். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு மண் குவியலருகே குந்தி உட்கார்ந்தார். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்தார். விரல் தடம் அப்படியே பதிந்தது. அதை இரண்டாக உடைத்து, உடைந்த முகத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"எவ்வளவு தண்ணி விடறீங்க மேஸ்திரி?"

"கைப்பதந்தானுங்க சார். எங்கப்பன் காலத்துல இருந்து அப்படித்தானுங்க."

"மண்ணை எப்ப மாத்துனீங்க?"

மேஸ்திரி அப்பாவைப் பார்த்தார். அப்பா வேறெங்கோ பார்த்தார். மண் மாற்றிப் பல மாதம் ஆகியிருந்தது. வண்டி மண்ணுக்குக் காசு.

ஆசிரியர் எங்கள் வீட்டு டிபன் பாக்ஸில் மண்ணை அடைத்து எடுத்துப்போனார். அடுத்த வாரம் திரும்பி வந்து, கல்லூரிச் சோதனைச்சாலையில் கண்டதைப் பட்டறை நடுவில் நின்று விளக்கினார். திரும்பத் திரும்பச் சூடு பட்ட மண் பொடிந்து தூளாகிவிட்டது. தூள் ஏறிய மண்ணுக்குப் பதம் வர அதிகத் தண்ணீர் கேட்கும். இரும்புக் குழம்பு பட்டதும் அந்தத் தண்ணீர் ஆவியாகும், ஆவி வெளியேற மண்ணில் சந்து இல்லை, இரும்புக்குள்ளேயே அடைபட்டுக்கொள்கிறது. ஒவ்வொரு தரமும் பழைய மண்ணில் ஒரு பங்கைக் கழித்துப் புது மண் சேர்க்கச் சொன்னார். அச்சில் கம்பியால் குத்தி வென்ட் வைப்பதை நெருக்கமாக வைக்கச் சொன்னார். ஈரத்தை அளக்க அவர் கேட்ட சாமான் ஒரு சின்னத் தராசும் ஒரு இரும்புத் தட்டும்தான். ஈர மண்ணை நிறுத்து, தட்டில் வைத்து அடுப்பில் காயவைத்து, மறுபடி நிறுத்தால் போனது தண்ணீர். மேஸ்திரிக்குப் பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. அன்றைக்கே அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டார்.

ஆசிரியரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஆடிக் காற்று அடிக்கும் நாளில் அச்சின் மேல்முகம் மட்டும் உலர்ந்து உதிரும், காலையில் சரியாக இருந்த பதம் மத்தியானம் சரியாக இருக்காது என்று மேஸ்திரி காட்டியதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். எங்கள் ஓட்டை கேசிங் ஒன்றைக் கேட்டு வாங்கிப்போய், அதை இரண்டாக அறுத்து வகுப்பில் வைத்தார். எனக்குப் பின்னால் வந்த மாணவர்களும் அதைத் தொட்டுப் பார்த்துத்தான் படித்தார்கள்.

இதற்கு யாரும் எம்.ஓ.யு. என்ற புரிந்துணர்வு ஒப்பந்தம் போடவில்லை. கட்டணம் இல்லை. அப்பா கொடுத்தது ஒரு தேங்காய் மூட்டை. அதையும் வேண்டாம் என்றவரை வற்புறுத்தித்தான் ஏற்றிவிட்டார். ஒரு பல்கலைக்கழகம் வட்டாரப் பொருளாதாரத்தை வளர்ப்பது எப்படி என்று பெரிய அரங்குகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு நினைவுக்கு வருவது அந்தச் சனிக்கிழமைதான். அப்பாவின் பவுண்டரி அந்த வருடம் மூடாமல் தப்பியது. அதை நம்பியிருந்த குடும்பங்கள் தப்பின. அவர்கள் அரிசி வாங்கிய கடையும் தப்பியது.

அந்த ஆசிரியர் தனியாள் அல்ல. ஊரின் பழக்கமே அப்படி இருந்தது. ஜி.டி.நாயுடு 1945-ல் இங்கே சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்து, அதன் முதல்வராகவும் இருந்தார். பொறியியலுக்கு நான்கு வருடம் எதற்கு, பட்டறையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் இரண்டே வருடம் போதும் என்றார். அரசாங்கம் ஏற்கவில்லை, அவர் விலகிவிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வர் ஜி.ஆர்.தாமோதரன் 1940-களின் இறுதியிலேயே 'கலைக்கதிர்' என்ற அறிவியல் மாத இதழைத் தமிழில் தொடங்கியவர். லேத் ஓட்டுகிறவரும் வயர்மேனும் வாசிக்கும்படி இன்ஜினையும் மின்சாரத்தையும் பற்றி அது எழுதியது. எங்கள் பட்டறையில் பழைய இதழ்கள் ஸ்பேனர் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பின்னாளில் உயர்ந்த ஒரு கல்வியாளர், லேத் ஆபரேட்டரைத் தன் வாசகராக நினைத்து இதழ் நடத்தினார் என்பதை இன்றைய துணைவேந்தர்கள் ஒருகணம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

விவசாயத்தில் இந்த நடமாட்டம் இன்னும் பழையது. சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் பள்ளி 1906-ல் கோவைக்கு வந்தது. அதற்குப் பக்கத்திலேயே 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம். வெள்ளைக் கரும்பையும் காட்டுப் பேய்க்கரும்பையும் கலந்து அங்கே உருவான கோ 205 ரகம் 1918-ல் வெளியாகி, நம் ஊருக்கு அல்ல, பஞ்சாபுக்குப் போய் அங்கே விவசாயத்தை மாற்றியது. நம்மவர்களுக்கு வாய்த்தது கோ 419. பருத்தியில் எம்.சி.யு. 5 என்ற ரகம் 1968-ல் வந்தது. மிக நீண்ட இழைப் பருத்திக்கு எகிப்தையும் சூடானையும் பார்த்துக்கொண்டிருந்த மில்களுக்குப் பக்கத்துக் காட்டிலேயே நயமான பஞ்சு கிடைத்தது. அதன் இழையைச் சோதிக்க 1956-லிருந்து சிட்ரா இருந்தது. மில்காரர்கள் சேர்ந்து தொடங்கிய ஆராய்ச்சிச் சங்கம் அது. காட்டுக்குத் தண்ணீர் இறைக்கப் பட்டறை பம்ப். விதை கல்லூரியில், தண்ணீர் பட்டறையில், பஞ்சு காட்டில், நூல் மில்லில். எல்லாம் ஒரு நாளில் பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில். 1971-ல் அந்த வேளாண் கல்லூரி பல்கலைக்கழகம் ஆனபோதும் ஜனங்களுக்கு அது 'அக்ரி காலேஜ்'தான். இன்றும் அப்படியேதான் சொல்கிறோம். கோவை வட்டாரத்தில் இன்று பருத்திக் காட்டைத் தேடித்தான் பார்க்கவேண்டும். மில்களுக்குக் குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பேல் வந்து இறங்குகிறது.

என் தாய்மாமாவுக்கு மூலனூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி. சோளமும் கொள்ளும் போட்டு, ஆடு வளர்த்து, பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாமல் திணறியவர். வேளாண் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் பி.கே.எம். 1 முருங்கையை வெளியிட்டது. அதுவரை முருங்கை என்றால் வேலியோரத்து மரம். குச்சி நட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இது விதை போட்டு ஆறு மாதத்தில் காய்ப்பது. மாமா தயங்கித் தயங்கி ஒரு ஏக்கர் போட்டார். பிறகு அந்த வட்டாரமே போட்டது. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வண்டி வண்டியாகக் காய் போனது. என் மாமா மகள் நர்சிங் படித்தது முருங்கைக்காய்க் காசில். ஆனால் எல்லோரும் போட்ட வருடங்களில் காய் பறிக்கிற கூலிக்குக் கூட விலை வராமல் மரத்திலேயே விட்டார்கள். விதை கொடுத்த பல்கலைக்கழகம் விலைக்கும் வழி கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று மாமா கேட்பார். அது நியாயமான கேள்வி. இலைப்பொடி, விதை எண்ணெய், ஏற்றுமதி எல்லாம் வந்து சேர்வதற்குள் பல வருடங்கள் ஓடிவிட்டன. அந்த வருடங்களில் நிலத்தை விற்றவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

இந்தக் கதையில் மனதை அறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பட்டறைக்காரரும் மில்காரரும் விவசாயியும் சேர்ந்து உருவாக்கிய கல்லூரியை, அவர்களே தங்கள் பிள்ளைகளை இந்த ஊரைவிட்டு அனுப்பும் வாசலாகத்தான் பார்த்தார்கள். "படிச்சுப் போட்டு இந்தப் புழுதியில வந்து நிக்காத கண்ணு" என்று அப்பா சொல்லாத நாள் கிடையாது. புழுதி அவருக்கு நெஞ்சுச்சளியாக இருந்தது. பட்டறையைத் தந்த ஊருக்கு மகனைத் தர அவருக்கு மனமில்லை. நான் அவர் பேச்சை மீறித்தான் பவுண்டரியில் நின்றேன்.

ஆனால் வெளியே போனதையெல்லாம் இழப்பு என்று கணக்கெழுத நான் சம்மதிக்க மாட்டேன். எங்கள் பட்டறையில் மண் சலித்தவரின் மகன் என் வயது. சேரியிலிருந்து வந்த குடும்பம். அவர் படித்துத் திருச்சியில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பொறியாளர் ஆனார். இங்கேயே இருந்திருந்தால் அவருக்கு இந்த ஊர் மண் சல்லடையைத்தான் கொடுத்திருக்கும், நாற்காலி கொடுத்திருக்காது. அவர் அனுப்பிய பணத்தில் தங்கைகள் படித்தார்கள். தங்கைகளில் ஒருவர் இங்கேயே ஆசிரியை ஆனார். தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்கள் 100 பேருக்கு 47 பேர் என்ற விகிதத்தில் உயர்கல்வியில் இருப்பதாக 2021–22 கணக்கு சொல்கிறது. நாட்டின் சராசரி 28 சொச்சம். அந்த 47-க்குள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கும் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். வட்டார வளர்ச்சி என்று எதைச் சொன்னாலும் இந்தப் பிள்ளைகள் தலைநிமிர்ந்ததை அதில் முதலில் எழுத வேண்டும். தொழிற்சாலைக் கணக்கு அதற்குப் பிறகு.

1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. ஒரு கட்டத்தில் மாநிலம் முழுவதும் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. கோவையைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் ஒரு கல்லூரி வளைவு நிற்கும். இடம் பெருகியது நல்லதே. ஆனால் இத்தனை கல்லூரிகளுக்கும் தேவையான பட்டறை அனுபவம் உள்ள ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள்? நேற்றுப் பட்டம் வாங்கியவர் இன்று பாடம் நடத்தினார். பவுண்டரி என்பது படத்தில் பார்க்கும் ஒன்றாகிவிட்டது. கல்லூரியின் பெருமையை அளக்க ஒரே அளவுகோல் மிஞ்சியது: எத்தனை பேருக்கு கேம்பஸில் வேலை கிடைத்தது? வேலை தருபவை பெங்களூருக்கும் சென்னைக்கும் ஆள் எடுக்கும் பெரிய கம்பெனிகள். அவர்கள் வரும் நாளில் வளாகத்துக்கே வெள்ளையடிப்பார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு பொறியாளர் வேண்டும் என்று காத்திருக்கும் பம்ப் கம்பெனிக்காரருக்கு அந்த வாசலில் செக்யூரிட்டியைத் தாண்ட முடியாது.

இதில் தொழில்காரர்களான எங்கள் பங்கும் உண்டு. டிப்ளமோ படித்தவரை வைத்து ஓட்டிவிடலாம், பட்டதாரிக்கு ஏன் அவ்வளவு சம்பளம் என்று யோசித்தவர்கள் எங்களில் அதிகம். ஆராய்ச்சிக்குச் செலவழிப்பதைத் தண்டச்செலவு என்றோம். போட்டிக்காரரின் பம்பை வாங்கி அறுத்துப் பார்த்து அதேபோல் செய்வதைத் திறமை என்று பேசிக்கொண்டோம். 1987-ல் சிறுதொழில்காரர்களே சேர்ந்து சிட்டார்க் என்ற சோதனை மையத்தை ஏற்படுத்தினார்கள். அது நல்ல காரியம். ஆனால் ஒரு பம்ப் எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று சோதனை மையம் சொல்லும். ஏன் எடுக்கிறது என்று கண்டுபிடிக்க உட்கார்ந்து யோசிக்கும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க நாங்கள் முன்வரவில்லை.

நொய்யல் ஆற்றை நினைக்கும்போது எனக்குக் கோபம் அதிகமாகிறது. திருப்பூர் பனியன் தொழில் வளர்ந்தது பல்கலைக்கழகத்தால் அல்ல. அதிகம் படிக்காத, ராத்திரி பகல் பாராத ஜனங்களின் உழைப்பால். ஆனால் சாயக்கழிவு ஆற்றில் கலந்தபோது, அதைத் தடுக்கும் அறிவு ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில், வேதியியல் துறைகள் நிறைந்த இந்த ஊரில் இருந்தது. நொய்யல் தண்ணீரைப் பற்றி ஆய்வேடுகள் எழுதப்படாமல் இல்லை. உப்பு எவ்வளவு, கன உலோகம் எவ்வளவு என்று அளந்து, கட்டு கட்டி, வாய்மொழித் தேர்வு முடித்து, பட்டம் வாங்கி நூலகத்தில் வைத்தார்கள். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் தென்னையும் போயின. கடைசியில் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் அந்த விவசாயிகள்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, அவசர அவசரமாகக் கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் வழிகளைத் தேடினார்கள். வேலை இழந்து ஊர் திரும்பிய சாயப்பட்டறைத் தொழிலாளிகளைச் சூலூர் பஸ் நிறுத்தத்தில் நான் பார்த்தேன். ஆய்வேடு எழுதியவரும் சாயப்பட்டறைக்காரரும் விவசாயியும் பத்து வருடம் முன்பே ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் அந்த ஆறும் அந்த வேலைகளும் இவ்வளவு அடி வாங்கியிருக்காது.

இப்போது பவுண்டரியை என் அண்ணன் மகன் நடத்துகிறான். குப்போலா உலை போய் இண்டக்ஷன் பர்னஸ் வந்துவிட்டது. அச்சு வைக்கிறவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள். மேஸ்திரியின் பேரன் ஐ.டி.யில் இருக்கிறான். பம்ப் வாங்குகிறவர்கள் இப்போது ஸ்டார் ரேட்டிங் கேட்கிறார்கள்; குறைந்த கரண்டில் அதிகத் தண்ணீர் வரவேண்டும். எங்கள் இம்பெல்லர் போட்ட பம்ப் வரைபடப்படி தர வேண்டிய திறனைத் தரவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் லோடைத் திருப்பி அனுப்பினார். அண்ணன் மகன் ஒரு கல்லூரியை அணுகினான். அங்கே கண்ணாடிச் சுவரோடு புத்தாக்க மையம் இருக்கிறது. நல்ல கருவிகள் இருக்கின்றன.

"சித்தப்பா, பிரச்சினையைப் படிவத்துல எழுதிக் குடுங்கங்கறாங்க. அப்புறம் எம்.ஓ.யு. போடணுமாமா. அதுக்கு கமிட்டி கூடணுமாமா. எனக்கு அடுத்த வாரம் லோடு போயாகணும்" என்று வந்து நின்றான்.

குழு கூடி முடிவதற்குள் வாடிக்கையாளர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அங்கிருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்த மையத்தின் பொறுப்பாளரே வருத்தப்பட்டார். ஒரு சின்னப் பட்டறையின் அவசரத்துக்கு ஓடிவர அவருக்கு அதிகாரமும் இல்லை, நேரமும் இல்லை.

வேறொரு கல்லூரியிலிருந்து ஒரு மாணவி இறுதியாண்டு பிராஜெக்டுக்கு எங்களிடம் வந்தார். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பெண். முதல் நாளே, "ரிஜெக்ட் ஆன இம்பெல்லர் ஒண்ணை அறுத்துத் தர்றீங்களா சார்?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுத்துக் கொடுத்தோம். இரண்டு தட்டுகளுக்கும் நடுவே தண்ணீர் ஓடும் பாதைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, என்னையும் தடவச் சொன்னார். உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. வெளிப்பக்கத்தை நாங்கள் கடைந்து பளபளப்பாக்குகிறோம். உள்பாதைக்குள் எந்த உளியும் நுழையாது. வார்க்கும்போது பாதைக்காக உள்ளே வைத்த கோர் மண்ணின் முகம்தான் இரும்பில் அப்படியே பதிகிறது. தண்ணீர் அதில் உரசி உரசிப் போவதில் கரண்ட் வீணாகிறது. கோருக்குப் பூசும் கிராஃபைட் பூச்சை எத்தனை கெட்டியாகக் கரைக்க வேண்டும், எவ்வளவு நேரம் காயவைக்க வேண்டும் என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். ஒடிசாப் பையன்களோடு இந்தியில் பேசக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் டெஸ்டிங் டேங்க்கில் பம்பைப் போட்டுத் தண்ணீரையும் அழுத்தத்தையும் ஆம்பியரையும் எழுதினார். கடைசியில் அதே தண்ணீருக்கு மீட்டர் முள் குறைந்து நின்றது. பட்டறை முழுக்க வேலையை நிறுத்திவிட்டு வந்து டேங்க்கைச் சுற்றி நின்று பார்த்தது.

அவருக்குச் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஏற்கனவே வேலை கிடைத்திருந்தது. போக விருப்பமா என்று கேட்டேன். "இங்கயே இருக்கலாம்னுதான் இருக்குங்க சார். வீட்டுல கடன் இருக்கு" என்றார். எங்கள் ஒரு பவுண்டரியால் அந்தச் சம்பளத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. அவர் போனார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பத்தின் கடனை அடைப்பதும் இந்த வட்டாரத்தின் பொருளாதாரம்தான்.

அவருடைய வழிகாட்டி ஆசிரியரிடம் பிறகு பேசினேன். எங்கள் பட்டறைக்கு அவர் வந்துபோன நாட்கள் எதுவும் அவருடைய பதவி உயர்வுக் கணக்கில் ஏறாது. ஆய்விதழில் கட்டுரை வந்தால் ஏறும். இம்பெல்லர் கோர் பூச்சு பற்றி எங்கள் ஒரு தெருவுக்குப் பயன்படும் விடையை எந்த வெளிநாட்டு இதழும் போடாது. என் ஆசிரியர் ஸ்கூட்டரில் வந்ததைச் சொன்னேன். "அவருக்கு அந்த நேரத்தை யாரும் பறிக்கலைங்க" என்றார். இப்போதைய ஆசிரியர்களின் மாலை நேரம் தரப்பட்டியலுக்கும் அங்கீகாரக் குழுக்களுக்கும் கோப்பு தயாரிப்பதில் போகிறது. அதற்கும் மேலே, பல்கலைக்கழகங்களை நடத்த ஆளில்லாமல் விடுகிறோம். எங்கள் பாரதியார் பல்கலைக்கழகம் 2022 அக்டோபரில் துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்தபின் ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறியில் நெடுங்காலம் பொறுப்புக் குழுவின் கையில் கிடந்தது. தலையில்லாத நிறுவனத்தில் யார் புதிதாக ஒரு விதியை எழுதத் துணிவார்கள்?

ஆகவே எங்கள் தெருவில் இருக்கும் பவுண்டரிக்காரர்கள் கூடிப் பேசினோம். ஒருவரால் கொடுக்க முடியாத சம்பளத்தைப் பலர் சேர்ந்து கொடுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. படித்து முடிக்கும் ஒரு பொறியாளரை இரண்டு வருடத்துக்கு எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்வது. அவர் கண்டுபிடிப்பதை எல்லோரும் பகிர்ந்துகொள்வது. சோமனூர்ப் பெண்ணின் அறிக்கையைத் தமிழில் எழுதி அச்சிட்டுப் பட்டறைகளுக்குக் கொடுக்கிறோம்; இந்தியிலும் ஒரு பிரதி, அச்சு வைக்கிற பையன்களுக்காக. கல்லூரி நிர்வாகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். உள்ளூர்த் தொழிலின் ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொடுத்த ஆசிரியருக்கு அதை ஒரு ஆய்வுக்கட்டுரைக்குச் சமமாக எண்ணுங்கள், ஒரு பருவம் முழுக்க மாணவர்களைப் பட்டறைக்கு அனுப்பும் பழைய முறையை எல்லாக் கல்லூரிக்கும் கொண்டுவாருங்கள், சின்னப் பட்டறை ஒரு வாரத்தில் பதில் பெற எம்.ஓ.யு. இல்லாத ஒரு வழி வையுங்கள் என்று கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. சோமனூர்ப் பெண்ணின் வழிகாட்டி ஆசிரியர் ஜூன் மாதம் அடுத்த மாணவர்களை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். டேங்க்குக்குப் புது புளோ மீட்டர் வாங்க அண்ணன் மகன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டான்.